பிளாக்வெனில் சாப்பிடுவோருக்கான கண் பரிசோதனை: எங்கே தேறுகிறது, எங்கே கோட்டை விடுகிறது

"இரு கண்களும் இயல்பு. ஓராண்டு கழித்து வரவும்." கண் பரிசோதனை முடிந்ததும் பெரும்பாலோருக்குக் கிடைக்கும் பதில் இதுதான். அந்த 'இயல்பு' எந்தப் பரிசோதனையைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்று கேட்பவர்கள் குறைவு. இந்தச் சேவையின் தரம் முழுவதும் அந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது.

உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்களான லூபஸ், முடக்குவாதம், ஷோக்ரன் ஆகியவற்றுக்கு ஆண்டுக்கணக்கில் சாப்பிடும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரைக்கான பரிசோதனை இது. பலருக்கும் தெரிந்த பெயர் பிளாக்வெனில். சிங்கப்பூரில் இந்த மாத்திரைக்காரர்கள் கண்ணைக் காட்ட நான்கு வாசல்கள் இருக்கின்றன: பலதுறை மருந்தகத்தில் எடுக்கும் விழித்திரைப் படம், கடைத்தொகுதியில் இருக்கும் கண்ணாடிக் கடை, அரசாங்க மருத்துவமனையின் கண் கிளினிக், தனியார் கண் நிபுணர். முதல் வாசல் இந்த வேலைக்கு ஆகாது. இரண்டாவது பாதி வேலை செய்யும். மற்ற இரண்டும் நன்றாகவே செய்கின்றன, சரியான பரிசோதனையைச் சரியான அகலத்துக்கு எடுத்தால்.

மாத்திரை கண்ணில் என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் எந்தப் பரிசோதனை எதற்கு என்று புரியும். இந்த மருந்து மெலனின் நிறமியோடு ஒட்டிக்கொள்ளும் குணம் உடையது. விழித்திரைக்கு அடியில் நிறமி அடுக்கு ஒன்று உண்டு. மருந்து அங்கே தங்கித் தங்கி, காலப்போக்கில் அதன்மேல் இருக்கும் ஒளியுணர் செல்களையும் அந்த அடுக்கையும் கெடுக்கிறது. கெட்ட செல் திரும்பி வராது. மாத்திரையை நிறுத்திய பிறகும் சில காலம் சேதம் தொடரலாம். தொடக்கத்தில் நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. பார்வைப் பலகையில் கடைசி வரிவரை படித்துவிடுவார், ஏனென்றால் நட்டநடுப் புள்ளி கடைசியில்தான் போகிறது. அதைச் சுற்றிய வளையம்தான் முதலில் அடிபடும்.

பயந்து மாத்திரையைத் தூக்கி எறியும் அளவுக்கான ஆபத்து இல்லை. 2014இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வின்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமுக்கு மிகாமல் சாப்பிடுவோரில் முதல் 5 ஆண்டுகளில் பாதிப்பு 1 விழுக்காட்டுக்கும் குறைவு, 10 ஆண்டுவரை 2 விழுக்காட்டுக்கும் குறைவு. 20 ஆண்டைத் தாண்டினால் ஏறத்தாழ 20 விழுக்காடு. அதனால்தான் முதல் ஆண்டுக்குள் ஓர் அடிப்படைப் பரிசோதனை, 5 ஆண்டுக்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை என்று அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் 2016இல் வகுத்தது. சிறுநீரகம் பலவீனமானவர்கள், மார்பகப் புற்றுநோய்க்குத் தமோக்ஸிஃபென் சாப்பிடுபவர்கள், அளவுக்கு மேல் மாத்திரை எடுப்பவர்கள், ஏற்கெனவே விழித்திரையின் நடுப்பகுதியில் கோளாறு உள்ளவர்கள் ஆகியோர் 5 ஆண்டு காத்திருக்கக் கூடாது. சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகத்தைக் காட்டும் ஈஜிஎஃப்ஆர் அளவு 60க்குக் கீழே இருந்தால் அதைக் கண் கிளினிக்கில் கட்டாயம் சொல்ல வேண்டும். மருந்து பெருமளவு சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. வெளியேறாதது உடம்பிலேயே சேரும்.

பலதுறை மருந்தகப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது அங்கேதான். நம் சமூகத்தில் நீரிழிவுக்குப் பஞ்சமில்லை. ஆண்டுதோறும் நீரிழிவுக்காக விழித்திரையைப் படமெடுக்கிறார்கள். 'எல்லாம் சரி' என்று பதில் வருகிறது. பிளாக்வெனிலும் சாப்பிடுபவர், கண்ணைத்தான் பார்த்துவிட்டார்களே என்று நிம்மதியாகிவிடுகிறார். அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை. அது வெறும் வண்ணப் புகைப்படம். ரத்தக் கசிவு, கொழுப்புப் படிவு போன்ற நீரிழிவுச் சேதங்களைக் காட்டுவதில் கெட்டி. பிளாக்வெனில் சேதம் வண்ணப் படத்தில் தெரியும்போது 'புல்ஸ் ஐ' எனப்படும் வளைய வடிவம் வந்திருக்கும், அதாவது காலம் கடந்திருக்கும். அந்தச் சேவையில் குறை இல்லை. அது வேறு வேலைக்காக வைத்தது, அவ்வளவுதான். அரிசி அளக்கும் படியால் துணி அளக்க முடியாது.

கண்ணாடிக் கடைகளுக்கு வருவோம். சில கடைகளில் இப்போது ஓசிடி இயந்திரமே இருக்கிறது. விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் வெட்டிக் காட்டும் கருவி அது. சில வினாடிகளில் முடிந்துவிடும், தொடுவதில்லை, வலியில்லை. நல்ல கருவிதான். ஆனால் கடையில் அச்சிட்டுத் தரும் அறிக்கை பெரும்பாலும் தடிமனைப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் காட்டும். பச்சை என்றால் சராசரித் தடிமன் இயல்பு என்றுதான் பொருள். பிளாக்வெனில் முதலில் கெடுப்பதோ 'எலிப்சாய்டு' என்று சொல்லப்படும் மெல்லிய ஒரு கோட்டை. அந்தக் கோடு ஒரு சிறு இடத்தில் அறுந்திருந்தாலும் சராசரித் தடிமன் பச்சையாகவே நிற்கும். நிறத்தைப் பார்த்துப் போதாது. சாம்பல் நிற வெட்டுப்படங்களை ஒவ்வொன்றாகப் பழகிய கண் பார்க்க வேண்டும். கடையில் படம் எடுத்திருந்தால் அந்த வெட்டுப்படங்களைக் கேட்டு வாங்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம். அந்த அளவுக்கு உதவும்.

மருத்துவமனைக் கண் கிளினிக்கில் நாளே போய்விடும் என்ற பேச்சில் உண்மை உண்டு. அரை நாளை ஒதுக்கிவிட வேண்டும். முதலில் பார்வைப் பலகை, அடுத்துக் கண் அழுத்தம், பிறகு பார்வையில் எங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்று ஒளிப்புள்ளிகளால் சோதிக்கும் பார்வைப்புலப் பரிசோதனை, அதற்குப் பிறகே கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து, கடைசியாகப் படங்களும் மருத்துவரும். இந்த வரிசை முக்கியம். சொட்டு விட்ட பின் பார்வைப்புலம் பார்த்தால் கிட்டத்தில் இருப்பது மங்கி, முடிவு கெடும். 'லைட் டெஸ்ட்' எனப்படும் அந்தப் பார்வைப்புலப் பரிசோதனைக்கு முன்பே தாதி சொட்டு மருந்தோடு வந்தால், "இன்னும் லைட் டெஸ்ட் ஆகலையே" என்று சொல்வதில் தவறில்லை.

சொட்டு வேலை செய்ய 20 முதல் 30 நிமிடம், மங்கல் தெளிய 4 முதல் 6 மணி நேரம். வண்டி ஓட்டக் கூடாது. சிங்கப்பூர் நண்பகல் வெயில் அப்படியே கண்ணில் இறங்கும், கறுப்புக் கண்ணாடி இல்லாமல் எம்ஆர்டி ரயில் நிலையம் வரை நடப்பதே பாடு. வரிசை எண் கைப்பேசிக்கு வந்தாலும் படிக்க முடியாது. துணைக்கு ஒருவர் வந்தால் நல்லது. முடிந்ததும் தேக்காவில் சாப்பிடப் போகலாம் என்று திட்டமிடுபவர்கள் உணவுப் பட்டியலைக் கையை நீட்டி வைத்துக்கூடப் படிக்க முடியாது என்பதை நினைவில் கொள்க. வழக்கமாகச் சாப்பிடும் தோசையைச் சொல்லிவிடுங்கள்.

பார்வைப்புலப் பரிசோதனையில்தான் இந்தச் சேவையின் பலமும் பலவீனமும் ஒருங்கே தெரிகின்றன. ஒரு கண்ணை மூடி, குழிந்த வெள்ளைக் கிண்ணத்துக்குள் நடுப்புள்ளியையே பார்த்தபடி, மங்கலாக ஒளி மின்னும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு கண்ணுக்கு ஏறத்தாழ 5 நிமிடம். 10-2 என்ற முறை நடு 10 பாகைக்குள் 68 புள்ளிகளை, 2 பாகை இடைவெளியில் சோதிக்கிறது. மாத்திரை வழக்கமாகக் கெடுக்கும் வளையம் நடுவிலிருந்து 2 முதல் 6 பாகை தள்ளி இருப்பதால் இதுதான் பொருத்தமானது. கண்ணழுத்த நோய்க்கு வழக்கமாகச் செய்யும் 24-2 முறையில் 54 புள்ளிகள் 6 பாகை இடைவெளியில் பரந்து கிடக்கும். நடு 9 பாகைக்குள் அதற்கு நான்கே புள்ளிகள். சிறு வளையச் சேதம் அந்த நான்குக்கும் நடுவே நழுவிவிடும்.

அப்படியானால் 10-2 மட்டும் போதுமா? வெள்ளையருக்குப் பெரும்பாலும் போதும். நமக்குப் போதாது. 2015இல் வந்த ஆய்வில், பாதிப்பு ஏற்பட்ட ஆசிய வம்சாவளியினரில் 50 விழுக்காட்டினருக்குச் சேதம் நடுப்பகுதிக்கு வெளியே, பெரிய ரத்தக்குழாய் வளைவுகளை ஒட்டித் தொடங்கியிருந்தது. வெள்ளையரில் அது 2 விழுக்காடே. ஆகவே ஆசியர்களுக்கு 10-2 உடன் 24-2 அல்லது 30-2வும் வேண்டும் என்று 2016 வழிகாட்டுதலே சொல்கிறது. 'ஆசியர்' என்ற ஒரே சொல்லில் சீனரையும் தமிழரையும் கட்டிவைப்பது சரியா என்று வாதிடலாம். அகலமாகப் பார்ப்பதில் நட்டம் இல்லை என்பதே எங்கள் கருத்து. சந்திப்பில் கேட்க வேண்டிய ஒரே கேள்வியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் தேர்ந்தெடுப்போம்: "டாக்டர், 10-2 மட்டுமா, வெளிப்பகுதியும் பார்த்தீங்களா?"

இதே சிக்கல் ஓசிடியிலும் உண்டு. வழக்கமான படம் 6 மில்லிமீட்டர் சதுரம். விழித்திரையில் 1 பாகை ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் என்பதால், நடுவிலிருந்து சுமார் 10 பாகை வரைதான் அது எட்டும். வளைவுகளை ஒட்டிய சேதம் அந்தச் சதுரத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கும். 9 அல்லது 12 மில்லிமீட்டர் அகலத்துக்கு எடுக்கக்கூடிய இயந்திரம் இருந்தால் அப்படி எடுப்பதே சரி. கூடுதலாக ஆகும் நேரம் சில வினாடிகள்.

பார்வைப்புலப் பரிசோதனை நோயாளி கையில் இருப்பதால் அதில் தவறுகளும் அதிகம். தூக்கக் கலக்கத்தோடு போனால் இல்லாத ஓட்டைகள் தெரியும். ஆர்வக்கோளாறில் ஒளி வராமலே பொத்தானை அழுத்தினால் இருக்கும் ஓட்டைகள் மறையும். அச்சிட்ட தாளின் மேல்மூலையில் நம்பகத்தன்மை எண்கள் இருக்கும். பார்வை நடுப்புள்ளியை விட்டு விலகியது 20 விழுக்காட்டைத் தாண்டினாலோ, தவறான அழுத்தல் 15 விழுக்காட்டைத் தாண்டினாலோ அந்தத் தாளை நம்பக் கூடாது, மறுபடி எடுக்க வேண்டும். வயதானவர்களுக்கு இமை தொங்குவது இன்னொரு பொறி. மாத்திரைச் சேதம் விழித்திரையின் கீழ்ப்புறத்தில், காதுப் பக்கமாகத் தொடங்குவது வழக்கம். பார்வையில் அது மேல்புறம் மூக்குப் பக்கக் குறையாக வெளிப்படும். தொங்கும் இமையும் மேல்புறத்தைத்தான் மறைக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, இமையை மேலே தூக்கி ஒட்டிவிட்டுச் சோதிக்க வேண்டும். ஷோக்ரன் நோயாளிகளின் கண் வறட்சியும் இப்படித்தான் கெடுக்கும். கிண்ணத்துக்குள் முகத்தை வைப்பதற்குச் சற்று முன் பாதுகாப்பான் கலக்காத செயற்கைக் கண்ணீரை ஒரு சொட்டு விட்டுக்கொண்டால் முடிவு மாறுவது உண்டு.

பார்வைப்புலம், ஓசிடி ஆகியவற்றுக்கு அடுத்த மூன்றாவது பரிசோதனை, ஆட்டோஃபுளோரசன்ஸ் படம். நிறமி அடுக்கு தானாக ஒளிர்வதைப் பதிவு செய்வது அது. சேதம் தொடங்கும் இடம் முதலில் கூடுதலாக ஒளிர்ந்து, செல் செத்தபின் இருண்டுபோகும். ஒரே படத்தில் பரந்த பரப்பு கிடைப்பதால் நம் கண்களுக்கு நல்ல துணை. நான்காவது, மல்டிஃபோக்கல் ஈஆர்ஜி. கண்ணில் மின்முனை வைத்து விழித்திரையின் மின்துடிப்பை இடம்வாரியாக அளப்பார்கள். நேரம் பிடிக்கும், எல்லா இடத்திலும் இல்லை, எல்லாருக்கும் தேவையும் இல்லை. மற்ற பரிசோதனைகள் ஒன்றுக்கொன்று முரண்படும்போது தீர்ப்புச் சொல்ல வைத்திருப்பது. வண்ணம் பிரித்தறியும் புத்தகமும் கட்டம்போட்ட ஆம்ஸ்லர் அட்டையும் இந்த வேலைக்குப் போதவே போதாது. அதை மட்டும் காட்டி அனுப்பினால் பரிசோதனை நடக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது எங்கள் பெரிய குறை. கண் கிளினிக்கில் கண்ணைப் பார்க்கிறார்கள், எடை பார்ப்பது அரிது. ஆபத்தைக் குறைக்க நம் கையில் இருப்பது மாத்திரையின் அளவு ஒன்றுதான், அதுவோ எடையைப் பொறுத்தது. கணக்கு எளிது: எடையை 35ஆல் (நாளுக்கு 5 மில்லிகிராம், ஏழு நாள்) பெருக்கி 200ஆல் வகுத்தால், 200 மில்லிகிராம் மாத்திரை வாரத்துக்கு அதிகபட்சம் எத்தனை என்று வரும். 50 கிலோ பெண்ணுக்கு 8.75, அதாவது 8 மாத்திரை: ஆறு நாள் ஒன்று, ஒரு நாள் இரண்டு. 60 கிலோவுக்கு 10. 70 கிலோவுக்கு 12. தினமும் இரண்டு என்ற பழைய வழக்கம் 80 கிலோ உடம்புக்குத்தான் பொருந்தும். பத்து ஆண்டுக்கு முன் 65 கிலோ இருந்து இப்போது 52க்கு இறங்கியவரின் மருந்துச் சீட்டு மட்டும் மாறாமல் இருப்பது நடக்கக்கூடியதே. கணக்குப் போட்டுப் பார்ப்பது நம் வேலை, மாற்றுவது மூட்டு நிபுணரின் வேலை. நாமாகக் குறைத்தால் நோய் கிளம்பிவிடும்.

ஊரிலிருந்து மாத்திரை வரவழைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்தியாவில் இதே மருந்து 200, 300, 400 மில்லிகிராம் என மூன்று அளவில் விற்கிறது. சிங்கப்பூர் மருந்துச் சீட்டில் 'இரண்டு மாத்திரை' என்று இருக்க, கையில் இருப்பது 400 அட்டை என்றால், சாப்பிடுவது இரட்டிப்பு. அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாயில் போடுங்கள்.

கட்டணத்தைப் பொறுத்தவரை யார் அனுப்பினார் என்பதே கணக்கு. பலதுறை மருந்தகம் அல்லது அரசாங்கத்தின் சாஸ் மானியத் திட்டத்தில் உள்ள தனியார் மருந்தகம் தரும் பரிந்துரைக் கடிதத்தோடு போனால் மானியக் கட்டணம். மூட்டு நிபுணரிடம் ஏற்கெனவே மானிய நோயாளியாக இருந்தால் அவரே அதே மருத்துவமனையின் கண் பிரிவுக்கு அனுப்புவது சுலபமான வழி. கடிதம் இல்லாமல் நேராகப் போனால் தனியார் கட்டணம்தான். முடக்குவாதம் மெடிசேவ் எனப்படும் மருத்துவச் சேமிப்புக் கணக்கைப் பயன்படுத்தக்கூடிய நாட்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கிறது. கண் பரிசோதனைக் கட்டணத்தில் எந்தப் பகுதியை அதிலிருந்து எடுக்கலாம் என்று பணம் கட்டும் முன்பே முகப்பில் கேட்டுவிடுவது நல்லது. தனியார் நிபுணரிடம் காத்திருப்பு குறைவு, பேச நேரம் அதிகம். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகப் பணம் வாங்குவார்களா, மொத்தமாகவா என்பதைத் தொலைபேசியிலேயே கேளுங்கள்.

எங்கே போனாலும் ஆண்டுதோறும் அதே இடத்துக்கே போங்கள். போன ஆண்டுப் படத்தோடு இந்த ஆண்டுப் படத்தை ஒப்பிடும்போதுதான் இந்தப் பரிசோதனை உயிர்பெறுகிறது. ஓசிடி இயந்திரங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் தடிமனை வேறு மாதிரி அளக்கும், ஒன்றின் எண்ணை மற்றொன்றோடு வைத்துப் பார்க்க முடியாது. வீடு மாறி, அவுட்ரமிலிருந்து ஈசூனுக்கோ ஜூரோங்குக்கோ மருத்துவமனையையும் மாற்றுபவர்கள், ஹெல்த்ஹப் செயலியில் எல்லாம் இருக்கும் என்று நம்பி வெறுங்கையோடு போகக் கூடாது. படங்களின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கூடவே ஒரு துண்டுத்தாளில் மாத்திரை தொடங்கிய ஆண்டு, தினசரி அளவு, எடை, கடைசி ஈஜிஎஃப்ஆர்.

பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டும் சேர்த்துச் சாப்பிடுபவர்களுக்கு இந்த ஒரே சந்திப்பில் இரண்டாவது வேலையும் முடிகிறது. ஸ்டீராய்டு கண்ணழுத்தத்தை ஏற்றும், லென்ஸின் பின்புறத்தில் புரை வளர்க்கும். அந்தப் புரை வெயிலிலும் எதிரே வரும் வண்டி வெளிச்சத்திலும் கூசும், படிப்பதற்கும் இடைஞ்சல் செய்யும். நல்லவேளை, புரையை அறுவை சிகிச்சையில் எடுத்துவிடலாம். கண்ணழுத்தம் வழக்கமான மேல்வரம்பான 21ஐ (மில்லிமீட்டர் பாதரசம்) தாண்டியதா என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

முடிவு 'சந்தேகம்' என்று வந்தால்? ஒரே ஒரு பார்வைப்புலத் தாளை வைத்து மாத்திரையை நிறுத்தக் கூடாது. மறுபடி எடுத்தும் அதே இடத்தில் குறை தெரிந்து, ஓசிடியோ ஆட்டோஃபுளோரசன்ஸோ அதே இடத்தில் ஒத்துப்போனால்தான் அது சேதம். 1991இல் வந்த கனடிய ஆய்வில், நோய் அடங்கியிருந்த லூபஸ் நோயாளிகளில் மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு நோய் மீண்டும் கிளம்பும் ஆபத்து தொடர்ந்தவர்களைவிட 2.5 மடங்கு. லூபஸ் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது என்பதால், கண்ணைக் காப்பாற்றப் போய்ச் சிறுநீரகத்தைப் பறிகொடுத்த கதையாகிவிடும். கண் மருத்துவரும் மூட்டு நிபுணரும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. ஒரு பிரிவு எழுதும் கடிதத்தை அடுத்த பிரிவு எப்போது திறந்து பார்க்கும் என்பது அவர்களின் வேலைப்பளுவைப் பொறுத்தது. ஒரு வாரம் கழித்து மூட்டு நோய் கிளினிக்கைத் தொலைபேசியில் அழைத்து, கண் பிரிவிலிருந்து கடிதம் வந்ததா, மருத்துவர் பார்த்துவிட்டாரா, அடுத்த சந்திப்பை முன்னால் நகர்த்த முடியுமா என்று கேளுங்கள்.